பாட்டு எப்படி முடிகிறது

வில்லியனூர் செல்போன் கடையில் என் முதல் பெரிய ஹெட்போனை வாங்கப் போனபோது இன்னொருவரும் அதற்காகத்தான் வந்திருந்தார். சுற்று வட்டாரக் கல்யாணங்களுக்கும் கூழ் ஊற்றும் திருவிழாக்களுக்கும் மைக் செட் போடுகிறவர். கட்டைவிரலில் காயத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்.

ஒவ்வொரு ஹெட்போனையும் விரலால் தட்டி, அதற்குள் "ஹலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ" என்றார். அது பதில் பேசாததைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு காதில் மாட்டி, ஒரே பாட்டின் கடைசி அரை நிமிடத்தை மட்டும் கேட்டார். நான்கு ஹெட்போனிலும் அதையேதான் கேட்டார்.

"பேஸ் எப்படிண்ணா இருக்கு?" என்றேன்.

"பேஸு இன்னாத்துக்குபா? நம்மகிட்ட இருக்கற பாக்ஸுல இல்லாத பேஸா? பாட்டு எப்பிடி முடியுதுன்னு பாக்கறேன்."

"இத்தனை வருஷம் போட்டும் கேட்டதில்லையா?"

"எங்க வுடறானுங்க? பாதி பாட்டுல ஒருத்தன் ஓடியாருவான். வழிய மறிச்சி வண்டி நிக்கிது, எடுக்கச் சொல்லுன்னுவான். பாட்ட நிறுத்திட்டு அதச் சொல்லணும்."

காதை முழுக்க மூடும் ஒன்றை எடுத்துக்கொண்டார். "வெளி சத்தம் உள்ள வரக்கூடாது, அவ்ளோதான்" என்றார். நானும் அதையே வாங்கினேன்.

வெளியே வந்தால் அவருடைய லோடு ஆட்டோ என் ஸ்கூட்டரை மறித்து நின்றது. அவர் கடைக்குள்ளேயே ஸ்டூலில் உட்கார்ந்து, அதே பாட்டை முதலிலிருந்து கேட்க ஆரம்பித்திருந்தார்.

முடியும்வரை நின்றேன்.