எழுதாமல் விட்ட சீட்டு

செஞ்சி வட்டாரத்தில் மணிமொழி என்றால் தெரியாது, ‘டி.பி. மேடம்’ என்றால்தான் தெரியும். காசநோய்க்காரர்களை வீடு தேடிப் போய் மாத்திரை விழுங்க வைப்பது அவர் வேலை. முப்பது வருடம் ஸ்கூட்டியில் அலைந்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றார்.

2012இல், தை பிறந்த சமயம். தொண்டூரில் பெரியதம்பி என்ற விவசாயக் கூலிக்கு மூன்றாவது மாத மருந்து நடந்துகொண்டிருந்தது. இருமல் நின்று உடம்பு தேறியிருந்தார். பொங்கல் கழிந்ததும் மனைவி விருத்தாம்பாளோடு ஈரோட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போவது வழக்கம். அதனால் மாத்திரையை மொத்தமாகக் கேட்டார். கண்ணெதிரே விழுங்கவேண்டும் என்பது அப்போதைய விதி. மணிமொழி மறுத்தார். போகிற ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அங்கே மருந்து கிடைத்திருக்கும். கறாராக இருந்தால் ஆள் ஊரிலேயே தங்கிவிடுவார் என்று நினைத்து அதையும் எழுதவில்லை.

அடுத்த முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. கரும்பு வெட்ட ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் லாரியில் இருவரும் ஏறிப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சித்திரையில் திரும்பி வந்த பெரியதம்பி ரத்தமாக இருமினார். நடுவில் மருந்து விட்டுப்போனதால் நோய் பழைய மருந்துக்குக் கட்டுப்படவில்லை. ஆவணியில் இறந்துபோனார்.

அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் மணிமொழி மேஸ்திரிகளைத் தேடிப் போய், லாரி எந்த ஊருக்கு என்று விசாரிப்பார். சீட்டு எழுதுவதோடு விடாமல் அந்த ஊர் ஊழியருக்குப் போன் போட்டு, ஆள் வந்தாரா, விழுங்கினாரா என்று வாராவாரம் கேட்பார். செங்கல் சூளைக்குப் போனவர்களையும் அப்படித்தான் விடாமல் துரத்தினார். பலர் பிழைத்தார்கள். பிரிவு உபசாரத்தில் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். மணிமொழியால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மறுவாரம் தொண்டூருக்குப் போனார். விருத்தாம்பாள் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார்ந்து, எழுதாமல் விட்ட சீட்டைப் பற்றி மணிமொழி முதல்முறையாகச் சொன்னார்.

விருத்தாம்பாள் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க மாத்திரை தரமாட்டேன்னதும் அவரு வரலன்னுதான் சொன்னாரு மேடம். மருந்து முடியட்டும், நீ போயிட்டு வான்னாரு. புருசன் பொண்டாட்டி ஜோடியா இல்லாம மேஸ்திரி என்னை ஏத்தமாட்டான்னு நாந்தான் இட்டுனு போனேன்.”

அத்தனை முறை அந்த வீட்டுக்குப் போயும், அந்தப் பெண்ணிடம் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை என்பது மணிமொழிக்கு அப்போதுதான் உறைத்தது. வெயில் ஏறுவதற்குள் இந்தப் பாத்தியை முடிக்கவேண்டும் என்று சொல்லி விருத்தாம்பாள் எழுந்து போனார்.