சாலு என்று எழுதிய கோப்பு

எங்கள் ஊரில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருந்தது. பிரசவ விடுதி. இரண்டு அறை, ஒரு வராந்தா, ஒரு பூட்டு. அந்தப் பூட்டுதான் அங்கே வேலை பார்த்த ஒரே சிப்பந்தி. வெயிலென்றும் மழையென்றும் பாராமல், ஒரு நாள் லீவு போடாமல் தொங்கியது.

ஜவளகிரிப் பாதையிலிருந்து பிரிந்து காட்டோரமாக நடந்தால் வரும் ஊர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே உறவு இருக்கிறது. கிருஷ்ணகிரியில் கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு அங்கே வாழ்க்கைப்பட்டேன். வந்த புதிதில் என்னை மலைக்க வைத்தது காடோ யானையோ அல்ல, பேச்சு. ஒரே பெண் ஆட்டைக் கன்னடத்தில் விரட்டி, பிள்ளையைத் தெலுங்கில் வைது, என்னிடம் தமிழில் உப்புக் கேட்பாள். மூன்று பாஷையும் ஒரே மடியில் முடிந்த சில்லறை மாதிரி. கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பார்கள்.

முதல் பிள்ளையை மாட்டுவண்டியில் பெற்றேன். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய நேரத்தில். அது அழவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா தன் புடவையைக் கிழித்துச் சுற்றி என் கையில் தந்தாள். ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்று கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாக இடம் கிடைத்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் சொல் இல்லை. இருபது வருஷமாகத் தேடுகிறேன்.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்த வருஷம், மறுபடி வயிற்றில் மீன் புரண்டது. ஐந்தாம் மாதம். அதிலிருந்து எனக்கு அந்த வெள்ளைக் கட்டடத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சோற்றுக்கு உலை வைத்தால் அது. ராகி அரைத்தால் அது. ஒரு மத்தியானம் போய் அதைச் சுற்றி நடந்தேன். உள்ளே தூறல் போடுவது மாதிரி ஒரு சத்தம். வெளியே மண் பிளக்கும் வெயில். சன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள், அவற்றில் ஆயிரம் ஆயிரமாகப் பட்டுப்புழுக்கள், முசுக்கொட்டை இலையை மென்றுகொண்டிருந்தன. பின்கதவு வழியாக இலை போட்டு வளர்த்த, எங்கள் ஊர்த் தலைவருடைய புழுக்கள். பெண்கள் பிள்ளை பெற வேண்டிய அறையில் புழுக்கள் பத்தியம் பிசகாமல் தின்று, கூடு கட்டிக்கொண்டிருந்தன.

அன்றே மனு எழுதினேன். என் வீட்டுக்காரர் கலப்பைக்குக் கொழு மாட்டிக்கொண்டே, தலைவரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் ராகி அறுக்க முடியுமா என்று கேட்டார். வண்டியில் இன்னொரு தடவை ஏற முடியுமா என்று நான் கேட்டேன். அவர் கொழுவைக் கீழே வைத்துவிட்டுத் தபால் ஆபீசுக்குப் போனார்.

ஒன்றியத்து ஆபீசிலிருந்து பதில் வந்தது. டைப் அடித்த பதில். விடுதி நல்ல முறையில் நடந்து வருவதாக நேர் விசாரணையில் தெரிகிறது. பொதுமக்களும் அவ்வாறே வாக்குமூலம் தந்துள்ளனர். எனவே மனு முடிக்கப்பட்டது.

யார் அந்தப் பொதுமக்கள்? வீடு வீடாகக் கேட்டேன். யாரும் வாக்குமூலம் தரவில்லை என்றார்கள். தெலுங்கு அக்காவிடம் கேட்டேன். "எங்கிட்ட யாரு கண்ணு கேப்பாங்க, எங்கிட்டயிருந்து புண்ணாக்கு வாங்கறவங்ககூட வெலை கேக்கறதில்ல" என்றாள். அந்தக் காகிதத்தில் இருந்த ஊர் எங்கள் ஊர்தானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வைகாசியில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒரு தடவை சப்கலெக்டர் வந்து உட்கார்ந்து, ஊர் ஊராகக் கணக்குப் பார்த்து, மனு வாங்கும் நாள். நான் ஏழு மாத வயிற்றோடு கிளம்பினேன். துணைக்கு அக்காவோடு ஒன்பது பெண்கள். பஸ்ஸில் கண்டக்டர் எந்தக் கல்யாணத்துக்கு என்றார். வளைகாப்புக்கு என்றாள் அக்கா, பஸ் சிரித்தது.

பந்தலில் ஊர்க் கணக்கெழுதும் கர்ணங்கள், மணியக்காரர்கள், குடைகள், வியர்வை. சப்கலெக்டர் வடக்கேயிருந்து வந்த சின்ன வயசுக்காரர். தமிழைப் பாடமாகப் படித்தவர். ஒவ்வொரு சொல்லையும் உடையாமல் எடுத்து வைப்பார். என் மனுவை முழுதாகப் படித்தார். ஒன்றியத்துக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். விசாரணைக்கு எங்கள் ஊருக்கு வந்துபோன குமாஸ்தாவும் அங்கேயே நின்றிருந்தார். ஆனேக்கல் பக்கம், கன்னடக்காரர், சாதுவான முகம். அவரே படித்தார்:

"வழியில் சென்ற பெண்மணி ஒருவரை விசாரித்ததில், விடுதி சாலு என்று கூறினார். கைநாட்டு பெறப்பட்டது."

எங்கள் பக்கத்து ஆபீசுகளிலும் மில்லுகளிலும் சாலு என்றால் ஓடுகிறது, நடக்கிறது என்று அர்த்தம். பஸ் சாலு, மோட்டார் சாலு. கன்னடக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சப்கலெக்டர் தலையசைத்தார்.

"சாலு என்றால் நடைபெறுகிறது. என் ஊரிலும் இதே சொல்தான்."

கோப்பு மூடியது. ஒரே சொல். இரண்டு எழுத்து. மறுபடியும் அந்த வண்டி, அந்தப் பள்ளம்.

அப்போது பின்னாலிருந்து அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள்.

"அந்தக் கைநாட்டு என்னுதுங்க சாமி."

பந்தல் திரும்பிப் பார்த்தது. அவள் குமாஸ்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தலைவர் வீட்டு வாசலில் இவர் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நான் தலையில் விறகுக் கட்டோடு போனேன், விடுதி எப்படியம்மா என்று கூப்பிட்டுக் கேட்டார், கட்டை இறக்காமலே ஒரு வார்த்தை சொன்னேன், விரலை மையில் தொட்டு வைக்கச் சொன்னார் வைத்தேன், அதற்குப் பேர்தான் வாக்குமூலம் என்று இப்போதுதான் தெரிகிறது என்று வரிசையாகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கினாள்.

"நான் சொன்னது எங்க தெலுங்குச் சாலுங்க. சாலுன்னா போதும். அந்தப் பூட்டப் பாத்துப் பாத்து போதும்டா சாமின்னு சொன்னேன். இவுரு அதக் கன்னடத்துல எழுதிக்கிட்டாரு."

முதலில் சிரித்தது ஒரு கர்ணம். பிறகு பந்தல் முழுதும். குமாஸ்தா சிரிக்கவில்லை, காது வரை சிவந்து, தெலுங்கில் அப்படித்தான் அர்த்தம் என்று அவரே மெதுவாக ஒத்துக்கொண்டார். அந்த ஒரு நேர்மைக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சப்கலெக்டரும் சிரிக்கவில்லை. அப்படியானால் இதுவரை அங்கே எத்தனை பிரசவம் ஆனது என்று கேட்டார். குமாஸ்தா பக்கம் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சன்னல் இடுக்கில் விரல் விட்டு எடுத்து வந்த நாலு பட்டுக்கூடுகளை மேஜைமேல் உருட்டினாள். மஞ்சள் மஞ்சளாக அவை கோப்பின் மேலேயே போய் நின்றன.

"அங்க பொறந்தது இதுங்கதான். ஆம்பள எது பொம்பள எதுன்னு எனக்குத் தெரியலீங்க."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே பேனாவைத் திறந்தார். பதினைந்து நாளில் கட்டடம் காலி, நர்ஸ் நியமனம், அறிக்கை தனக்கு நேரில். எழுதி முடித்து எங்களிடம் போகலாம் என்றார்.

நாங்கள் போகவில்லை. காகிதத்தை நம்பி நான் ஏற்கெனவே ஏமாந்தவள். நகல் வேண்டும் என்றேன். தபாலில் வரும் என்றார் ஒருவர். தபாலில் வந்த ஒன்றுதான் இது என்று டைப் அடித்த பதிலை எடுத்துக் காட்டினேன். வேண்டுமானால் நகலையும் பிள்ளையையும் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், பந்தல் நல்ல நிழலாகத்தான் இருக்கிறது என்று தரையில் உட்கார்ந்தேன். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார்கள். அரை மணியில் முத்திரை குத்திய நகல் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதை ஒவ்வொருத்தியும் வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, முத்திரையை முகர்ந்து, அடுத்தவளிடம் கொடுத்தாள். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அதைப் படிக்காதவள் அந்த பஸ்ஸில் யாரும் இல்லை.

பதினான்காம் நாள் புழுத் தட்டுகள் வெளியே வந்தன. தலைவர் முகத்தைப் பார்க்க நாங்கள் வேலையெல்லாம் விட்டு வந்து நின்றோம். அவர் வானத்தைப் பார்த்தார். பதினேழாம் நாள் நர்ஸம்மா ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினார். திருநெல்வேலிப் பக்கம். "என்னட்டி, கட்டில எங்க காணோம்?" என்பதுதான் அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு. கட்டில் தலைவர் வீட்டில், அவர் மாமனாருக்குக் கீழே இருந்தது. அக்காவும் மற்றவர்களும் போனார்கள். பெரியவரை மரியாதையாக எழுப்பி, மடித்த கம்பளியில் உட்கார வைத்து, கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுத்தெரு வழியாக வந்தார்கள். இரும்புக் கட்டில். வெயில் அதன் கம்பிகளில் ஓடி ஓடி மின்னியது. எத்தனையோ தேர் பார்த்திருக்கிறேன், மாதாவின் சப்பரம் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டில் வந்த அழகு எதற்கும் வராது. மூன்று பாஷையிலும் குலவை கேட்டது. குலவைக்குப் பாஷை உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆடி மாதம், காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிய ஒரு முற்பகலில் அந்தக் கட்டிலில் படுத்தேன். என் வீடு கூப்பிடு தூரம். வண்டி பூட்டவில்லை. நர்ஸம்மா அதட்டினார், அக்கா தெலுங்கில் யாரையோ திட்டினாள், நான் மாதாவையும் சேர்த்துத் திட்டினேன். பிறகு ஓர் அழுகை. என்னுடையது அல்ல. கோபமான, ஈரமான, நீளமான அழுகை. வராந்தாவில் காத்திருந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தானும் அழுதாராம். காற்றில் தூசு விழுந்தது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

சாயங்காலம் நர்ஸம்மா புதுப் பதிவேட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையாவது பிரசவம் என்றார். இரண்டாவது. உயிரோடு இருப்பது? ஒன்று என்றேன். எழுதினார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். என்னை நம்பமாட்டியா என்று முறைத்தார்; ஆனாலும் திருப்பினார். மை காயவில்லை. 'ஒன்று' என்றுதான் இருந்தது. தமிழில். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்று. சரி என்று பிள்ளையை மார்புக்கு இழுத்துக்கொண்டேன்.