பெயர் சொல்லிக் கூப்பிட்டது

எங்கள் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. அதன் பிறகு நீர்வேலி வீட்டில் நானும் மனைவியும் தேவைக்கு மட்டுமே கதைத்தோம். "சோறு போடட்டோ?" "ஓம்." அவ்வளவுதான். நான் இயல்பிலேயே வாய் செத்தவன். கந்தோரில் கோப்புகளோடு பழகியவனுக்கு, அழுது ஓய்ந்த பெண்ணோடு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் இருந்த பழைய புத்தகக் கடையில், பிறர் மனத்தை வெல்வது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஒன்று கிடைத்தது. மட்டை கிழிந்துபோயிருந்தது. வெட்கத்தில் கந்தோர்ப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன்.

புன்னகை செய் என்றது முதல் அத்தியாயம். காலையில் தேநீர் கொண்டுவந்தவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கரி பட்டிருக்கோ?" பாராட்டு என்றது அடுத்தது. சாப்பிடும்போது "சொதி நல்லாயிருக்கு" என்றேன். "அப்ப நேற்றையான் சொதிக்கு என்ன குறை?" என்றாள். கோபமாக இருந்தாலும் ஒரு முழு வசனம் பேசினாளே என்று எனக்குச் சந்தோஷம்.

மனிதருக்கு அவரவர் பெயரைவிட இனிய சொல் இல்லை என்றது மூன்றாவது. எங்கள் வீடுகளில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. கலியாண நாளிலிருந்து நான் அவளை "இஞ்சாரும்" என்பேன், அவள் என்னை "இஞ்சாருங்கோ" என்பாள். என்றாலும் துணிந்தேன். ஒரு சனிக்கிழமை, வாழைகளுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

குசினிக்குள் பாத்திரம் விழுந்து உருண்டது. அரிசி கழுவிய ஈரக்கையோடு ஓடி வந்தாள். "என்ன நடந்தது? அம்மாவுக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லை. சும்மா கூப்பிட்டனான்."

அப்படியே படியில் குந்தி அழத் தொடங்கினாள். அவளுடைய தகப்பன் தோட்டத்தில் விழுந்து செத்த அன்று, யாரோ வாசல் படலையில் நின்று அப்படித்தான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்களாம். "இனி அப்பிடிக் கூப்பிடாதேங்கோ. நெஞ்சு பதறுது."

பக்கத்தில் இருந்தேன். தகப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவள் பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதோம். புத்தகத்தை நான் பிறகு திறக்கவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, மூளையில் இரத்தம் கசிந்து, அவள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ ஐயா, சிலவேளை கேக்கும்" என்றாள் தாதி. மனைவி அன்று வேண்டாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. என்றாலும் கூப்பிட்டேன். மூன்று தரம். அசைவே இல்லை. அன்று போலப் பயந்தாவது எழும்பி ஓடிவரமாட்டாளா என்று ஏங்கினேன்.

பிறகு குனிந்து, "இஞ்சாரும்" என்றேன். என் கைக்குள் இருந்த அவளுடைய விரல்கள் மெல்ல இறுகின. அடுத்த நாள் மத்தியானம் மூச்சு நிற்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.