கங்கைத் துறையில் ஒரு கதவு

மூதூருக்கு மேற்கே, கங்கை என்றே இங்கே அழைக்கும் ஆற்றின் துறையில், பாதை என்று சொல்லும் தட்டைப் படகு புறப்படப் போகிறது. காட்டில் கிடைத்த காணிக்குக் குடிபோகும் தம்பதியின் மாட்டுவண்டி ஏறிவிட்டது. அவர்களுடைய பசு மட்டும், ஏறுபலகை இடுக்கில் தண்ணீரைக் கண்டு மிரண்டு நிற்கிறது.

"ஏத்த ஏலாட்டி விட்டிட்டு வாங்கோ!" படகுக்காரர் கத்துகிறார்.

மனைவி வண்டியிலிருந்து ஒரு புதுக் கதவை இழுக்கிறார். வீடு இனிமேல்தான் கட்ட வேண்டும். கதவு முன்னாலேயே தயார்.

"உடைஞ்சிடுமப்பா!" கணவர் பதறுகிறார்.

"உடைஞ்சா பாயைத் தொங்கவிடுவம். பிடியுங்கோ!"

படகுக்குக் காத்து நின்ற நானும் ஓடிப்போய்ப் பிடிக்கிறேன். இடுக்கை மூடிக் கதவு விழுகிறது. பசு முகர்ந்து பார்க்கிறது, ஒரு காலை வைக்கிறது, சட்டென்று ஏறிவிடுகிறது! துறையே ஆரவாரிக்கிறது.

கதவில் குளம்புத் தடம். "பழுதாப் போச்சே, அக்கா," என்கிறேன்.

"என்ன பழுது? புதுவீட்டு வாசலால முதல்ல பசுதானே போகோணும்? எங்கட குடிபூரல் முடிஞ்சுது, தம்பி!"