ரசீதக்காவின் மஞ்சள் கோட்டு

உள்ளங்கை அகலப் பச்சைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே கண்ணாடி முன்னால் நின்று ரசீதக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். மஞ்சள் கோட்டு, அதற்குக் கீழே ஊதா பேன்ட்டு. கோட்டின் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. "பாருடி, பூசணிக்காய்க்குச் சட்டை மாட்டின மாதிரி இல்ல?"

வாசலில் நின்ற தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னோட வெளியே வர எனக்குத்தான்க்கா வெக்கமா இருக்கு."

சலவைக்கடை வைத்து இருபது வருடம். எந்தத் துணி எந்தத் தேதியில் வந்தது என்று ரசீதுச் சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். 'ரசீதக்கா' என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். 'ஒரு வருடத்துக்குள் வாங்காத துணிகளுக்குக் கடை பொறுப்பல்ல' என்று பலகையில் இருப்பதைத் தனக்குச் சாதகமாகப் படித்துக்கொண்டாள். கேட்பாரற்றுக் கிடப்பதில் படு கண்றாவியாக ஒன்றைப் பொறுக்கி, மாதத்தில் ஒரு ஞாயிறு மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். "நானே முதல்ல சிரிச்சுட்டா, அடுத்தவங்க சிரிக்க என்ன மிச்சம்?" சாயங்காலமே துவைத்துத் தேய்த்து, இருந்த இடத்தில் மாட்டிவிடுவாள்.

இந்த ஞாயிறு ஏரிக்குப் போனார்கள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவரிடம், "கோட்டுக்குத் தனி டிக்கெட்டா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கோட்டையே பார்த்தார். "வந்துட்டீங்களா? உங்க வீட்டுக்காரர் அங்கதான் உக்காந்திருக்காரு."

பெஞ்சிலிருந்த மனிதர் பாதி எழுந்தார். முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இது என் சம்சாரத்தோட கோட்டும்மா. போன வருஷம் படகுல போனா. படகு மட்டும்தான் திரும்பி வந்துது. இது எங்க கிடைச்சுது?"

பழக்கதோஷம், நாக்கு முந்திக்கொண்டது. "மார்ச் ஒன்பதாம் தேதி கடைக்கு வந்துதுங்க. அவங்களேதான் கொண்டாந்தாங்க. சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துது. 'இதைப் போய்ப் போட்டுக்கிட்டுச் சுத்தினேன் பாருங்க'ன்னு ஒரே சிரிப்பு."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அவ படகுல போனது மூணாந்தேதி. நீங்க சொல்ற தேதிக்கு ஆறு நாள் முன்னாடி."

தேதியில் ரசீதக்கா தவறியதே இல்லை. இன்றைக்குத் தவறியிருக்கக் கூடாதா என்று இருந்தது. கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று பொத்தானில் கை வைத்தாள்.

"வேண்டாம்மா. கடையிலேயே இருக்கட்டும். அவளே வந்து வாங்கிக்குவா." ஒரு வருடமாகக் காத்திருந்த முகம் சட்டென்று தெளிந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

படகில் ஏறாமலே திரும்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அக்கா, நீ உக்காந்த இடமெல்லாம் ஈரம்" என்றாள் தங்கை. இருவரும் தண்ணீரைத் தொடவே இல்லை.

கடைக்கு வந்ததும் கோட்டைக் கழற்றினாள். துவைக்கவில்லை. பழைய சீட்டைத் தேடியெடுத்துக் காலரில் குத்தினாள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற கொக்கியில் மாட்டினாள். கோட்டின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது, பிறகு இன்னொன்று.

ரசீதக்கா உள்ளே போய் ஒரு வாளியை எடுத்துவந்து அதன் அடியில் வைத்தாள்.