சலூன்காரரின் குதிகால்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் இடது குதிகாலில் ஆணி இறங்கியது போல இருந்தது. சலூன்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு எட்டு நடந்தால் வலி குறையும். கடையில் நாளெல்லாம் நின்று முடிவெட்டிவிட்டு, சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அவர் மனைவி வெளிநாட்டில், நடமாட முடியாத ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். முன்பெல்லாம் கடை சாத்தியதும் இருவரும் ஏரிக்கரைவரை நடப்பார்கள். அவள் போன பிறகு அவர் தனியாகப் போய், போனில் அவளுக்குத் தண்ணீரைக் காட்டுவார். வலி வந்தபின் அதுவும் நின்றது.

"ஏங்க, ஏரிப்பக்கமே போறதில்லையா?" என்று ஒருநாள் போனில் கேட்டாள்.

"கடையில கூட்டம்."

"மூஞ்சியப் பாத்தா கூட்டம் மாதிரி தெரியலையே."

உண்மை வெளியே வந்தது. திட்டித் தீர்த்தவள், மறுநாளே டாக்டரிடம் போக வைத்தாள்.

டாக்டரம்மா குதிகாலின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினார். இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எலும்பு வளந்திருக்கும்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றாரும்மா."

"வளந்திருந்தாலும் வலி அதனாலதான்னு சொல்ல முடியாது. உள்ளங்காலுக்கு அடியில, குதிகால்லேருந்து விரல் வரைக்கும் கெட்டியா ஒரு நார் போகுது. கல்தரையில நின்னு நின்னு அது நொந்துபோயிருக்கு. தூங்கும்போது சுருங்கிடும், எழுந்ததும் வெடுக்குன்னு இழுபடும். அதான் முதல் அடியில உயிர் போகுது. செருப்பக் காட்டுங்க."

குதிகால் பக்கம் காகிதமாய்த் தேய்ந்திருந்தது.

"இத எப்பவோ தூக்கிப் போட்டிருக்கணும்."

"வீட்டுக்காரி வெளிநாடு கெளம்புறதுக்கு முந்தின நாள் வாங்கிக் குடுத்தது."

டாக்டரம்மா செருப்பைத் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்குங்க. கால்ல மட்டும் போடாதீங்க."

மெத்தென்ற செருப்பு, கடையில் நிற்குமிடத்தில் ரப்பர் விரிப்பு, உள்ளங்காலில் உருட்டப் பனிக்கட்டியான தண்ணீர் பாட்டில் என்று சொல்லி அனுப்பினார். எழுந்திருக்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டும். கெண்டைக்காலையும் நீட்டிவிட வேண்டும். ஊசி இப்போது வேண்டாம். குணமாக மாதக்கணக்கில் ஆகும், விடாமல் செய்ய வேண்டும் என்றார்.

அன்றுமுதல் விடியற்காலையில் மனைவி போனில் வந்துவிடுவாள்.

"முட்டிய மடக்காம இழுங்க. அவசரம் என்ன?"

அவர் வேண்டுமென்றே முட்டியை மடக்குவார். இன்னும் கொஞ்ச நேரம் பேசுவாள் அல்லவா.

மெல்ல மெல்ல வலி விட்டது. ஏரிக்கரைவரை நடந்துவிட்டு நோகாமல் திரும்பினார். அதை அவளிடம் சொல்லவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னும் லேசா வலி இருக்கு."

அவள் திரையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாளைக்கும் வரேன்," என்றாள்.