ராஜா இல்லாத நாடகம்

துபாய் சத்வாவில் ஒரு தையற்கடையில் ராஜாவின் அங்கிக்குத் துணி கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. எங்கள் நாடகக்குழு போடவிருந்தது முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ஓர் ஆங்கிலத் துன்பியல் நாடகம். தலை வெட்டப்பட்ட மன்னனின் மகன் திரும்பி வந்து அரியணை ஏறிய காலத்தில் எழுதியது. அரசனைக் கவிழ்க்க நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள். ஒருவன் பயந்துபோய் இன்னொருவன் பெயரைச் சொல்லிவிடுகிறான். பெயருக்குரியவன் தூக்குமேடை ஏறுகிறான். முன்னுரையைக் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன். அரசனே பார்க்க வரும் அரங்கு என்பதால் கதையை ஏதோ தூர தேசத்தில் நடப்பதாக வைத்தார்களாம். இதே நாடகத்தில் பத்து வயதில் நானும் நடித்திருக்கிறேன். அன்று நடந்ததை அதுவரை தப்பாகவே நினைவில் வைத்திருந்தேன்.

அப்போது மஸ்கட்டில், ரூவியில் இருந்தோம். அப்பா ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதே கம்பெனி விசாவில் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ்ச்சங்க ஆண்டுவிழா என்றால் சிரிப்பு நாடகம்தான் என்பது வழக்கம். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு ஸ்டோரில் பைப் எண்ணிக்கொண்டிருந்த மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. இந்தத் துன்பியலைத் தமிழில் எழுதி நீட்டினார். அப்பா முதல் பக்கத்திலேயே மூடிவிட்டார்.

"ராஜாவைக் கொல்லுததா? சுல்தான் ஆளுத ஊர்ல இருக்கோம்னு தெரியுதா மச்சான்? ராஜாங்கிற பேச்சே மேடையில வரக்கூடாது."

"எடுத்துருதேன் அத்தான், போதுமா?"

மாமா வாக்கைக் காப்பாற்றினார். ராஜா முதலாளியானார். அரண்மனை ஆபீஸானது, சதிகாரர்கள் தொழிலாளர் கேம்ப் ஆட்களானார்கள். தூக்குத் தண்டனைக்குப் பதிலாக, பாஸ்போர்ட்டில் எக்ஸிட் முத்திரை குத்தி ஊருக்கு அனுப்புவது. அப்பா பிரியாணிக்கும் பஸ்ஸுக்கும் அலைந்ததில் மாற்றிய பிரதியைப் படிக்கவே இல்லை.

தண்டனையை நிறைவேற்றுகிற ஆள் நான். அதில் நடிக்க இருந்தவருக்கு வெள்ளிக்கிழமை டூட்டி விழுந்துவிட்டது. முகத்தில் கறுப்புத் துணி, கையில் மரத்தில் செய்த பெரிய முத்திரை, வசனம் கிடையாது. ஒரு வாரம் வீட்டிலிருந்த தலையணை எல்லாவற்றையும் முத்திரை குத்தி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தலைமை தாங்க வேண்டிய டாக்டர் வரவில்லை. கடைசி நேரத்தில் அப்பாவே ஓடிப்போய்த் தன் மேனேஜரை அழைத்துவந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகத் தெரியும். பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். பின்வரிசைகள் முழுக்க கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள்.

கடைசிக் காட்சியில் பாஸ்போர்ட்டில் முத்திரையை ஓங்கிக் குத்தினேன். மைக்கில் இடிபோலக் கேட்டது. கைதட்டலுக்காக மனதுக்குள் மூன்று எண்ணினேன். வரவில்லை. பின்னால் ஒருவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் எழுந்து வெளியே போனார். நான்தான் சரியாகக் குத்தவில்லை போலிருக்கிறது.

நாடகம் முடிந்ததும் மேனேஜர் மேடைக்குப் பின்னால் வந்தார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"நல்லா இருந்தது. யார் எழுதினது?"

காட்டிக்கொடுக்கும் நண்பனாக நடித்த மாமா, ஒப்பனை கலைக்காமல் அங்கேயே நின்றிருந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"பழைய இங்கிலீஷ் நாடகம் சார்."

"அந்தக் காலத்து இங்கிலாந்துல லேபர் கேம்ப் இருந்ததா?"

"அது நான் மாத்தினது சார்."

எனக்கு அப்பாவைக் கடித்துவிடலாம் போலிருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவர் மாமா. பெயரைத் தட்டிக்கொண்டு போகிறவர் அப்பாவா? உண்மையைச் சொல்ல முகத்துணியை விலக்கினேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. மாமா தரையைப் பார்த்தபடி நின்றார். அவருடைய அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த மார்ச்சில் அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்தது, கம்பெனி புதுப்பிக்கவில்லை. அம்மாவும் நானும் பாளையங்கோட்டைக்கு, அப்பா சவூதியில், ஜுபைலில் ஒரு கேம்ப் ரூமுக்கு. என் படிப்புக்காக என்று சொன்னார்கள், நம்பினேன். அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார். மாமா அதே மஸ்கட் கம்பெனியில், இப்போது தனி அறையோடு. அதற்குப் பிறகு அவர் நாடகம் எழுதவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தையற்காரர் அளவு நாடாவோடு வந்து, அளவெடுக்க ராஜா எங்கே என்று இந்தியில் கேட்டார். "ராஜா கிதர் ஹை? மாப் லேனா ஹை."

"ராஜா மாஃபி, பாய்" என்றேன். ராஜா இல்லை, அங்கி வேண்டாம், அன்று நான் கட்டியதுபோல் கறுப்புத் துணியில் ஒரு முகமூடி போதும்.

மாமாவிடம் பழைய பிரதியைக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறேன். நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டன, பதில் வரவில்லை. வராவிட்டாலும் மாமாவின் நாடகத்தைத்தான் போடுவேன். கடைசியில் ஒரு காட்சியைச் சேர்க்கப்போகிறேன்: மேடைக்குப் பின்னால் நான்கு பேர், ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்கிறவருக்கு ஒரே ஒரு வரிதான் வசனம். அப்பாவுக்கு அடுத்த மாதம் லீவு. துபாய் வழியாக வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று இன்னும் சொல்லவில்லை.